மண்வெட்டிக்கு வைத்த குங்குமம்

புக்கித் தீமா பக்கம் ஒரு தோட்டத்தில், ஜாதிக்காய் உலர்த்திய பழைய கொட்டகைதான் நான் முதன்முதலில் பார்த்த காட்சிசாலை. தோட்டத்துத் துரை ஸ்காட்லாந்துக்காரர். அவர் காலமானதும் அவருடைய அக்காள், நாங்கள் மேம் என்று அழைத்த அம்மையார், கொட்டகையைக் கழுவி, கடல் தாண்டி வந்து காடு திருத்திய தங்கள் ஆட்களின் பெருமையை அதில் அடுக்கிவைத்தார். கட்டம் போட்ட ஒரு பாவாடை; அதை ஆண்கள் உடுத்துவார்கள் என்றால் கூலிகள் குடியிருந்த லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. காற்றுப் போன தோல்பை வாத்தியம், தடித்த வேதப் புத்தகம், ரம்பம், கோடாலி, ஒரு மண்வெட்டி. ஞாயிறு மாலைகளில் சில வெள்ளைக்காரர்கள் குதிரைவண்டியில் வந்து, பார்த்து, பெருமூச்சு விட்டுப் போவார்கள்.

அப்பாதான் அதற்குக் காவல்காரர். கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. அம்மாவுக்கு அப்போது நிறைமாதம்.

ஆயுத பூசை வந்தது. கருவி என்று ஒன்று கண்ணில் பட்டால் அதற்குப் பொட்டு வைக்காமல் விடுவது அப்பாவால் ஆகாத காரியம். தேக்கா கடைத்தெருவுக்குப் போய்ப் பொரியும் சந்தனமும் வாங்கிவந்து, காட்சிசாலை முழுவதையும் மங்களகரமாக்கிவிட்டார். எத்தனையோ வருடமாக வேலையே செய்யாத கருவிகளுக்கு ஒருநாள் ஓய்வு. மண்வெட்டிக்கு மட்டும் மாலையும் உண்டு.

மேம் வந்து பார்த்தார். வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் குங்குமம்! எல்லாவற்றையும் துடைக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டும் என்றார். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த நான்தான் மொழிபெயர்ப்பாளன். அவ்வளவு பெரிய உத்தியோகம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அப்பா ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தார். மண்வெட்டி முன்னால் நின்றுவிட்டார். மேம் ஏதோ சொன்னார்.

"அதை நல்லாத் துடைக்கணுமாம்ப்பா. இந்தத் தோட்டத்துல முதல் குழியை அதாலதான் வெட்டினாங்களாம்."

"யாரு வெட்டினாங்களாம்?"

"துரையாம். அவர் கையாலயே."

"எங்கய்யா, உன் தாத்தா, வெட்டினதுடா. அந்தப் பிடியே அவர் செதுக்கினது. காய்ச்சல்ல விழுந்து சாகுற வரைக்கும் அவர் கையிலதான் இருந்துச்சு. அந்த மரியாதைக்குத்தான் இங்க வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன். சொல்லு, அவங்ககிட்ட."

ஒரு பிழையில்லாமல் சொன்னேன். மேம் கோபிக்கவில்லை; குரல்கூடத் தணிந்துவிட்டது. அவர் சொன்னதை அப்பாவிடம் தமிழில் ஒப்பித்தேன்:

"பாவம், உங்களுக்குத் தெரியலையாம்ப்பா. கருவியெல்லாம் தோட்டத்துச் சொத்தாம். கூலிங்க வெறுங்கையோடதான் வந்தாங்களாம்."

வாசலில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தூசித் துணியைக் கீழே போட்டுவிட்டு, தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து மண்வெட்டியைத் துடைத்தார். போதும் என்று மேம் சொன்னதை நான் சொல்லியும் நிறுத்தவில்லை.

அறை தப்பியது. தம்பி அதில்தான் பிறந்தான்.

அன்று சாயங்காலம் அம்மா அந்தத் துண்டைத் துவைக்க எடுத்தாள். அப்பா அவள் கையிலிருந்து வாங்கி, குங்குமக் கறையோடு அப்படியே மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சவர்க்காரத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். மனிதர் என் ஆங்கிலத்தைப் பாராட்டுவதிலும் அன்றைக்கு அதே சிக்கனம்தான் பார்த்தார். எனக்கு அதுதான் பெரிய வருத்தமாக இருந்தது.