சின்னக் காயில் காட்டிய ஆழம்

அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் போன் வந்தது. மெஹராஜின் தம்பி ஜபார். “அக்கா, எங்க அக்கா மௌத்தாயிட்டாங்க. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சுட்டாங்க” என்றார். “எந்த அக்கா?” என்று கேட்டேன். ஜபாருக்கு மூத்தவர்கள் இரண்டு பேர் என்பதால் அப்படிக் கேட்கவில்லை. எனக்கு வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை. பாலை இறக்கினேன். காபி கலந்தேன். அதைக் குடிக்கவும் செய்தேன்.

எங்கள் பாலிடெக்னிக்கில் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் மெஹராஜ் மேடத்தைத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் துறையில் நானும் அவரும் ஒரே வருடம் விரிவுரையாளர்களாகச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேசை. கடைசிவரை ஒருவரையொருவர் “வாங்க, போங்க” என்றுதான் பேசிக்கொண்டோம். அதற்கு மேல் நெருக்கம் எங்களுக்குத் தேவைப்படவும் இல்லை.

துறைக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கியபோது அதன்மேல் அவருக்கு ஏற்பட்ட பிடிப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நீண்ட கோலின் முனையில் ஒரு வட்டத் தட்டு. அதற்குள் சுற்றிய செம்புக் கம்பிதான் காயில். உடன் வந்தது நடுத்தர அளவு. பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் தன் பொறுப்பில் வரவழைத்தார். மிஷின் திரையில் தெரியும் ஆழத்தை யாராவது அப்படியே குறித்துக்கொண்டால் கோபம் வந்துவிடும். “அது கூட வந்த காயிலுக்கும் ஒரு காசு அளவு பொருளுக்கும் போட்ட கணக்கு. பெருச மாட்டுனா ஆழத்துல கெடக்குறதையும் கிட்டக்க இருக்குன்னு சொல்லும். சிறுச மாட்டுனா காலடில இருக்குறத எங்கயோ இருக்குன்னு சொல்லும்” என்பார்.

ஒருமுறை நத்தம் பக்கமிருந்து மூன்று பேர் காரில் வந்தார்கள். மிஷினை இரண்டு நாள் கொடுத்தால் போதும், மலையடிவாரத்தில் புதையல் இருக்கிறதாம். மெஹராஜ் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். “கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு குடுத்துருங்கண்ணே, அவங்களே ஜீப்போட வந்து தோண்டுவாங்க” என்றார். வந்தவர்கள் டீயைக்கூட முடிக்காமல் கிளம்பினார்கள்.

ஆனால் வாடிப்பட்டிக்கு அழைத்தபோது மறுக்கவில்லை. எங்கள் அலுவலக உதவியாளரின் சொந்தக்காரர் வீடு. பாண்டிச்செல்வி என்று ஒரு பெண், அந்த வீட்டு மருமகள். நிலக்கடலைக் காட்டில் களையெடுக்கும்போது தாலிச் சங்கிலி கழன்று விழுந்துவிட்டது என்றாள். பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கதை சொல்கிறாள் என்றார் மாமியார். புருஷன் எந்தப் பக்கமும் பேசவில்லை. கிடைக்காவிட்டால் அவளைக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. நாங்கள் போனபோது அவளுடைய பை வாசலில் இருந்தது.

காட்டை வேகமாகக் கடக்க முதலில் பெரிய காயிலை மாட்டினார். நடுக்காட்டில் சத்தம் வந்தது. திரை ஒரு சாண் என்றது. மாமனார் ஒரு சாண் தோண்டினார், ஒன்றுமில்லை. “இன்னும் போங்கண்ணே, இந்தத் தட்டு கிட்டக்கத்தான் காட்டும்” என்றார் மெஹராஜ். முழங்கை ஆழத்தில் கிடைத்தது துருப்பிடித்த கலப்பைக் கொழு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

“போதும் தாயி, அம்புட்டுத்தான். மிஷினே சொல்லிருச்சுல்ல” என்றார் மாமியார்.

மெஹராஜ் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “மிஷின் ஒண்ணும் சொல்லலம்மா. இந்தப் பெரிய தட்டுக்கு மெல்லிசு சங்கிலி தட்டுப்படலன்னுதான் அர்த்தம். புள்ள பொய் சொல்றான்னு அர்த்தமில்ல. கெடைக்காமலே போனாலும் அந்த அர்த்தம் வராது.”

பாண்டிச்செல்வி அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

சின்னக் காயிலை மாட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நடந்தார். இந்தத் தட்டுக்கு ஒவ்வொரு அடியையும் தடவித் தடவித்தான் போகவேண்டும். வெயில் ஏறியது. போய்விடலாமா என்று கண்ணாலேயே கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. புதிதாக மண் அணைத்திருந்த வரப்பில் மெல்லிய சத்தம் வந்தது. திரையில் ஒரு முழம். மாமனார் மண்வெட்டியை ஓங்கிவிட்டார்.

“அண்ணே, வெட்டாதீங்க! சங்கிலி அந்துரும்!”

கோலைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். விரலால் மண்ணைத் தள்ளினார். இரண்டு விரற்கடை ஆழத்தில் சங்கிலி கிடந்தது.

பாண்டிச்செல்வி அழவில்லை, சிரிக்கவும் இல்லை. சங்கிலியை வாங்கி, முந்தானையால் மண் போகத் துடைத்து, மாமியார் கையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். பையை உள்ளே எடுத்துப் போனாளா, அதோடு வெளியே போனாளா, தெரியாது. நாங்கள் கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் மெஹராஜ் சொன்னார்: “அந்தப் புள்ள மன்னிக்கல. அவங்கள மன்னிச்சிரும்மான்னு நம்மளும் அதுகிட்டச் சொல்லல. நல்லதாப் போச்சு கோமதி.” பிறகு ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டார்.

மெஹராஜின் கோரிப்பாளையம் வீட்டில் பெண்களை முகம் பார்க்க உள்ளே விட்டார்கள். பார்த்தேன். தூங்குகிறவரைப் போல என்றெல்லாம் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. தங்கை ரஹ்மத் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, கீழே சந்திப்பில் பஸ்கள் ஹாரன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுத்துப் போனார்கள். கே.கே. நகரில் என் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். எப்போது அழுகை வரும் என்று மகள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

அவருடைய செய்முறை வகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று முதல் வகுப்பு. மணல் தொட்டியில் புதைத்த காசை இரண்டு காயிலால் அளக்கவேண்டும். இரண்டு ஆழம் வந்தது. “இதுல எது மேடம் கரெக்ட்?” என்று ஒரு மாணவி கேட்டாள். வகுப்பில் நான் புத்தகத் தமிழில் பேசுகிறவள். ஆனால் வாயைத் திறந்தபோது, “மொதல்ல எந்தக் காயில்னு எழுதும்மா. அப்புறம் கைய விட்டுப் பாரு” என்று வந்தது. குரல் ஏறி இறங்கியதுகூட மெஹராஜுடையது.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான். அந்தப் பேச்சும், அதைச் சொல்லிவிட்டு விடையை முந்திக்கொண்டு சொல்லாமல் நிற்பதும். அந்த மாணவி சட்டைக் கையை மடித்துக்கொண்டு மணலுக்குள் விரலை விட்டாள். நான் பக்கத்தில் நின்றேன்.