லாரி உள்ளே இருக்கும் வரை

மாமா சென்னையிலிருந்து கொண்டுவந்த லாரி என் முழங்கை நீளம் இருந்தது. சிவப்பு முகப்பு, பத்துச் சக்கரம், உள்ளங்கையில் அடங்கும் ரிமோட்டு. வயிற்று மூடியைத் திறந்தால் நான்கு பென்சில் செல்களுக்கு இடம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் விருத்தாசலத்தில் எங்கள் தெரு அப்படியொரு வண்டியைக் கண்டதில்லை. ஆனால் அதைத் தெருவில் ஓட்டும் எண்ணம் அப்போது எனக்கு எழவில்லை. அம்மா பின்னறையில் தனியே படுத்திருந்தார்.

காசநோய் என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். தொற்று அடங்கும்வரை பத்து வயதுப் பிள்ளை அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. நான் கதவருகே நிற்பதைக்கூட அப்பா விரும்பவில்லை. அம்மாவின் தம்பியான மாமாதான் ஒரு வழி கண்டுபிடித்தார். அம்மாவுக்குத் தரவேண்டியதை லாரி உள்ளே கொண்டுபோகட்டும். அது உள்ளே இருக்கும் நேரம் மட்டும் பையன் கதவோரம் நிற்கட்டும் என்றார். அப்பா வெகுநேரம் யோசித்தபின் ஒப்புக்கொண்டார்.

"லாரி வெளிய வந்துட்டா நீயும் கெளம்பிடணும். தெரியுதா?"

தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு நடை. கொய்யாத் துண்டு, என் கணக்குத் தாள், அப்பா வேலை பார்த்த பீங்கான் பட்டறையில் விளிம்பு கோணியதால் ஒதுக்கப்பட்ட சிறு கோப்பையில் கற்கண்டு என்று ஏதாவது ஏற்றி அனுப்புவேன்.

மூன்றாம் நாளே செல்கள் தளர்ந்தன. கட்டிலை எட்டுவதற்கு முன்பே லாரி முனகி நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அம்மா எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துபவர். முகத்தில் கட்டிய துணிக்குள்ளிருந்து சொன்னார்.

"பதறாதப்பா. செத்த நேரம் ரெஸ்ட்டு குடு, செல்லு தானா தேறும். அதுவரைக்கும் ஸ்கூல்ல இன்னிக்கி யாரு யாரு அடி வாங்குனாங்கன்னு சொல்லு."

சொன்னேன். லாரி விழித்து ஒரு சாண் நகர்ந்து மறுபடி நின்றது. அடுத்த கதையைச் சொன்னேன். இவ்விதமாகக் கதவிலிருந்து கட்டிலுக்குச் சென்று திரும்ப அரைமணி நேரம் பிடித்தது. மறுநாள் அதைவிடக் கூடுதலாயிற்று. வண்டியின் இந்த அவமானத்தை எப்படியாவது போக்கிவிட வேண்டும் என்பதே என் கவலையாக இருந்தது.

அப்பா தமக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தார். ஈரமானதோ ஆறியதோ நமத்ததோ, எதுவானாலும் சூளைச் சுவர்மேல் வைத்தால் சரியாகிவிடும் என்பது பட்டறைக்காரர்களின் நம்பிக்கை. நனைந்த சட்டையும் நமத்த முறுக்கும் அங்கேதான் உயிர் பெறும். அப்பா செல்களைத் தம் சாப்பாட்டுத் தூக்கின் மூடிமேல் அடுக்கிச் சூளையருகே வைத்தார். இரண்டு முறை பலித்தது. மூன்றாம் முறை ஒரு செல் வெடித்து, கறுப்புக் குழம்பைத் தயிர்ச்சோற்றில் கக்கியது. செய்தி கேட்ட அம்மா இருமல் வரும்வரை சிரித்தார்.

"இனிமே உங்க அப்பாவுக்குச் சோறே வேணாம், ரெண்டு செல்லு போட்டா போதும்."

பிறகு அவசர விளக்கிலிருந்த பேட்டரியைக் கழற்றி லாரியின் முதுகில் டேப் சுற்றிக் கட்டினார் அப்பா. வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு கற்கண்டு வைக்கவும் இடமில்லை. அன்று வந்திருந்த மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னா மாமா இது? லாரியா, ட்ரான்ஸ்பார்மரா?"

தீர்மானத்தை அவர் என்னிடமே விட்டார். விளக்கு பேட்டரி வேண்டுமா, பழைய செல் போதுமா, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் செல்லைச் சென்னையிலிருந்து வாங்கி வரட்டுமா என்று கேட்டார். சார்ஜ் செல் என்று நான் கத்தியது தெருமுனைவரை கேட்டிருக்கும். உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"பழசே போதும்டா அவனுக்கு. நல்லாத்தான ஓடுது?"

"எங்க ஓடுதுக்கா? உருளுது."

மாமாவோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

புதிய செல்கள் வந்தன. லாரி சீறிக்கொண்டு உள்ளே போய், அம்மா கொய்யாவை எடுத்த கையை மடக்குமுன் திரும்பி வந்தது. வண்டி வெளியே வந்துவிட்டதால் நானும் வெளியேறினேன். விதியை மீறாத பிள்ளை என்று அப்பா என்னைப் பாராட்டினார். செல்லில் மிச்சமிருந்த பலத்தைத் தெருவில் செலவழித்தேன். அங்கே எனக்காகப் பையன்கள் காத்திருந்தார்கள்.

அம்மா பின்னர் தேறி எழுந்தார், பள்ளிக்குத் திரும்பினார், முறைப்படி ஓய்வும் பெற்றார். அந்த அறையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருபோதும் பேசிக்கொள்ளவில்லை. சென்ற மாதம் அவர் மறைந்தார். இனிப் பேசுவதற்கில்லை.

புதிய செல்கள் வந்த மறுநாள், லாரி கட்டிலருகே நின்றபோது அம்மா ஒரு சந்தேகம் கேட்டார்.

"இந்த செல்லுக்குள்ள அப்பிடி என்னப்பா இருக்குது? தீந்துபோன சார்ஜ் மறுபடி எப்பிடி ஏறுது?"

மாமா சொல்லித் தந்ததையும் அட்டைப்பெட்டியில் படித்ததையும் கலந்து, பெருமிதத்தோடு விளக்கினேன். கவனமாகக் கேட்டார். அடுத்த நாளும் அதையே கேட்டார். விளக்கினேன். அதற்கடுத்த நாளும் கேட்டார். ஐந்தாம் நாள் எனக்குப் பொறுமை தீர்ந்தது.

"எத்தன வாட்டிம்மா சொல்றது?"

"மறந்து மறந்து போவுதுப்பா. இன்னொரு தபா சொல்லேன்."

எட்டாம் வகுப்புக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவருக்கு இவ்வளவு எளிய செய்தி ஏன் மனத்தில் தங்கவில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. காய்ச்சல் மறதியையும் கொடுக்கும்போலும் என்று எண்ணிக்கொண்டேன். தெருவில் பையன்கள் என்னைக் கூப்பிட்டார்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி, லாரியைப் பின்னோக்கி எடுத்தேன்.