மூச்சு வகுப்பும் சொர்ணத்தின் சத்தமும்

அடுத்தவர் வலியைப் பக்கத்தில் நின்று பார்ப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குவதுதான் பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. அறுபதுகளில் மாட்டுங்காவில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், அந்தச் சம்பளத்தை நானும் வாங்கினேன். என்னைப் போல வெள்ளை உடுப்புக்குள் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற சகோதரிகளே, டாக்டர் ஒருவர் சீமைக்குப் போய்த் திரும்பினால் நம் பாடு என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இன்னும் ஆறவில்லை.

வலிக்குப் புதுப் பெயர்

எங்கள் பெரிய டாக்டர் லண்டனிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், மூச்சை ஒழுங்காக விட்டாலே பிள்ளை சுகமாகப் பிறந்துவிடும். சனிக்கிழமை மத்தியானங்களில் கீழ்க்கூடத்தில் பாய் விரித்து வகுப்பு. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு அவரே மல்லாந்து படுத்து, நாய் இரைப்பது போல மூச்சு விட்டுக் காட்டினார். பிறகு எழுந்து வேட்டியைச் சரி செய்பவர் போலக் கால்சட்டையைத் தட்டிவிட்டு, இனி யாரும் 'வலி' என்று சொல்லக் கூடாது, 'சுருக்கம்' என்றுதான் சொல்ல வேண்டும், பயமே அந்தச் சொல்லால் வருவதுதான் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே ஒரு சுருக்கமாக இருந்தது.

வகுப்புக்கு வந்தால் ஒரு தம்ளர் பால் உண்டு. அந்தப் பாலுக்காகவே தாராவியிலிருந்து சொர்ணம் வருவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, நாலாவது பிரசவம், குரல் தெருக்கோடி வரை கேட்கும். பாலைக் குடித்து வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "பேர மாத்திட்டா நோவு அடங்கிருமா டாக்டரய்யா? எங்க வீட்டுக்காரருக்கு நானும் தெனம் ஒரு பேரு வச்சுத்தான் பாக்கேன், மனுசன் அடங்கலையே!"

ஏழாம் மாதம்

லண்டன் போன டாக்டருக்கு மாட்டுங்கா தெரியவில்லை. மூச்சுப் பாடம் எட்டாம் மாதத்தில்தான் முற்றும். எங்கள் ஜனங்களோ ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப்பிள்ளைக்காரியை அம்மா வீட்டுக்கு ரயிலேற்றிவிடுவார்கள். ஆக, அவர் பாடம் சொல்லிக் கொடுத்த பெண்கள் பாலக்காட்டிலும் கும்பகோணத்திலும் பெற்றார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் வந்து பெற்றவர்கள், மதராஸிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்து இறங்கிய, மூச்சைப் பற்றி ஒன்றும் கேள்விப்படாத பெண்கள்.

பாய்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்து டாக்டர் பதறினார். மருமகளுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதைச் சொல்ல வந்த ஒரு மாமியிடம், அரைகுறைப் பாடத்தோடு அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினார். மாமி நிதானமாகச் சொன்னாள்: "எங்க ஊர்லயும் மூச்சு விட்டுண்டுதான் டாக்டர் பெத்துக்கறா."

போக இடமில்லாதவள்

கடைசியில் தலைப்பிள்ளைக்காரிகளில் விஜயா ஒருத்திதான் மிஞ்சினாள். அவளுக்கு அம்மா இல்லை. தங்கையைப் பெறும்போதே போய்விட்டாள். சின்னப் பெண்ணாகக் கதவுக்கு வெளியே நின்று அந்த அலறலைக் கேட்டவள் விஜயா. டாக்டர் சொன்னதையெல்லாம் மந்திரம் போல மனப்பாடம் செய்தாள். பாவம், பயந்தவர்கள்தான் நல்ல மாணவர்கள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அவள் கணவரும் வகுப்புக்கு வந்தார். அவர் மூச்சுப் பழகியது லோக்கல் ரயிலில். மாட்டுங்காவில் ஏறி இரைக்க ஆரம்பித்தால் தாதர் வருவதற்குள் யாராவது பதறி எழுந்து ஜன்னலோரம் இடம் கொடுத்துவிடுவார்களாம். இத்தனை கற்றவரை லேபர் ரூமுக்குள் விட மாட்டார்கள். உறவினர் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் போர்டு எழுதி வைத்தவரும் இதே டாக்டர்தான். விஜயா அந்தப் போர்டைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "வலிச்சா பரவாயில்ல சிஸ்டர். தனியா மட்டும் விட்டுடாதேங்கோ."

எனக்கோ ஒரே நேரத்தில் நாலு பேரைப் பார்க்க வேண்டும். என்னவென்று வாக்குக் கொடுப்பேன்?

இரண்டு குரல்

விஜயாவுக்கு வலி எடுத்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். டாக்டர் கீழே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். ஆளனுப்பினேன். பாடம் பாதியில் நிற்கிறது, மூச்சு விடச் சொல் என்று பதில் வந்தது. மேஜையில் மல்லாந்து கிடந்தவளுக்கு முதல் பெரிய வலியிலேயே பாடம் மறந்துவிட்டது. வெளியே மாமியார் வேறு கதவைத் தட்டி, ஆம்பளைகள் இருக்கா, கத்தாதே என்றாள். விஜயா புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நடுங்கினாள். அவள் கண்ணில் இருந்த பயத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

காலையில் வந்து சேர்ந்த சொர்ணத்துக்கு அப்போதுதான் லேசாக வலி. இலவசப் படுக்கைக்காரி, பின்கட்டில் இருக்க வேண்டியவள். உறவினர்தானே கூடாது, இன்னொரு நோயாளி கூடாது என்று போர்டில் இல்லையே! அவளைக் கூட்டிவந்து விஜயா பக்கத்தில் விட்டேன். சொர்ணம் அவளை மேஜையிலிருந்து இறக்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்க வைத்து, உள்ளங்கையால் இடுப்பை அழுத்தித் தேய்த்தாள். நான் வெந்நீர்ப் பையை ஒத்தடமாக வைத்தேன். வாயிலிருந்த தலைப்பை உருவிப்போட்டு சொர்ணம் சொன்னாள்: "நீ கத்து தாயி. யாரும் கேட்டா நாந்தாம்னு சொல்லிக்கிடுதேன்."

இரண்டு பேரும் சேர்ந்து போட்ட சத்தம் கீழே வகுப்புக்கே கேட்டிருக்கும். வலி குறைந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் நடுக்கம் நின்றது. பெண் குழந்தை. அப்புறம் சொர்ணத்துக்கு முறை வந்தபோது, அடுத்த மேஜையில் படுத்திருந்த விஜயா கையை நீட்டினாள். நான் வெளியே வந்து விஜயாவின் குழந்தையைக் காட்டினேன். மாமியாருக்குக் குழந்தையை விடக் கௌரவம் பெரிதாக இருந்தது: "பாத்தேளா, எங்காத்து மாட்டுப்பொண் ஒரு சத்தம் போடல. கத்தினதெல்லாம் அந்தத் தாராவிக்காரி!"

பாராட்டு விழா

மாமியார் சொன்னதை டாக்டர் அப்படியே நம்பிவிட்டார். குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த விஜயாவைக் கையோடு வகுப்புக்கு அழைத்துப்போய் நிறுத்தினார். ஊசி இல்லை, மருந்து இல்லை, ஒரு சத்தம்கூட இல்லை, என் முறைக்கு இவளே சாட்சி என்றார். முன்வரிசையில் மாமியார் புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் சொர்ணம், கைக்குழந்தையோடு, பழக்கத்தை விடாமல் பாலுக்கு வந்திருந்தாள்.

உனக்கு எது உதவியது என்று இவர்களுக்குச் சொல்லம்மா என்றார் டாக்டர். விஜயா முதலில் மாமியாரைப் பார்த்தாள். பிறகு பின்வரிசையைப் பார்த்துச் சொன்னாள்: "கத்தினது நான்தான் டாக்டர். சொர்ணம் அக்கா கையைப் பிடிச்சுண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். அதனாலதான் தாங்கினேன்."

மருந்தில்லாமல் பிரசவ வலியைத் தணிக்க வழி உண்டா என்று இன்றும் என்னைக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், உண்டு, அடுத்த வாரமே எங்கள் டாக்டர் பெயின்டரைக் கூப்பிட்டு, 'நோயாளிகள் ஒருவரையொருவர் தொடக் கூடாது' என்று போர்டில் அதற்குத் தடை எழுதி வைத்தார்.