சனிமூலையில் ஒரு முடி

தஞ்சாவூரில் எனக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது ஒரு ஆனி மாதம். இடுப்புக்கு மேலே ஒரு எலும்பு முன்பக்கம் நழுவி, கால் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதையும் கீழ் எலும்பையும் ஸ்க்ரூ வைத்து இறுக்கினார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “மறுபடி நடவுக்குப் போகலாமாங்க?”

“எலும்பு ரெண்டும் ஒட்டட்டும். ஆறு மாசம் குனியவே கூடாது. அப்புறம் பார்ப்போம்.”

அந்தப் ‘பார்ப்போ’மைப் பிடித்துக்கொண்டுதான் வலங்கைமான் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பினேன். பன்னிரண்டு வயதிலிருந்து நட்டவள் நான். சேற்றில் கால் வைத்தால்தான் எனக்கு உயிர் வரும். கிறுக்கி என்பீர்கள், சொல்லிவிட்டுப் போங்கள்.

மூன்று மாதம் இடுப்பில் பெல்ட்டோடு இருந்தேன். கீழே விழுந்த சீப்பைக்கூட வீட்டுக்காரர்தான் எடுத்துத் தருவார். கால் வலி சுத்தமாக விட்டிருந்தது. அங்கேதான் புத்தி கெட்டது.

புரட்டாசியில் சம்பா நடவு. எங்கள் பக்கம் வயலின் வடகிழக்கில், சனிமூலையில், முதல் முடியை, அதாவது முதல் கட்டு நாற்றைக் கைராசி உள்ளவர் நட்டுத் தொடங்கிவைக்க வேண்டும். எங்கள் தெருவுக்கே அது என் கைதான். கொழுந்தன் தன் வயலுக்குக் கூப்பிட வாசலில் வந்து நின்றார்.

“அண்ணி, ஒரே ஒரு முடி. உங்க கை பட்டா போதும்.”

“டாக்டர் சொன்னது காதுல விழலயாடா?” என்று வீட்டுக்காரர் கத்தினார்.

“ஒரு முடிதானே! முதுகு என்ன முறிஞ்சா போயிடும்?” இதைச் சொன்னது நான். கொழுந்தன் மேல் பழி போட மாட்டேன். என்னைக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்களோ என்று நான்கு நாளாகத் தவித்தவள் நான்தான்.

வயலில் இறங்கிக் குனிந்தேன். வலிக்கவில்லை. ஐயோ, அன்றைக்குக் கொஞ்சம் வலித்திருக்கக் கூடாதா! ஒரு முடி தீர்ந்ததும் கை தானாக அடுத்ததற்குப் போனது. பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து எதிர் வரப்புவரை நட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பெண்கள் குலவை போட்டார்கள்.

ஐப்பசி பிறப்பதற்குள் இடது கால் பழையபடி இழுத்தது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. எலும்பு ஒட்டவில்லை.

“குனிஞ்சீங்களா?”

“ஒரு தடவதாங்க.”

டாக்டர் திட்டியிருந்தால் தேவலாம். “அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா. சும்மா படுத்திருந்தாலும் சில பேருக்கு ஒட்டறதில்ல. திரும்ப ஆபரேஷன் பண்ணலாம். ஆனா நடவ மறந்துடுங்க.”

பண்ணினார்கள். வலி பாதி போயிற்று, பாதி இருக்கிறது. தெருமுனைவரை நடப்பேன்.

அடுத்த வருஷம் கொழுந்தன் நடவு மெஷின் விட்டார். சனிமூலையில் யார் கையும் படவில்லை. அந்தப் பயிர் தேறக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். பாவிதான் நான், மறைக்கவில்லை.

அறுப்புக்கு முந்தின நாள் வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சனிமூலையிலும் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது, நான் நட்ட வருஷத்தைவிட நன்றாகவே.