நெப்டியூனும் லோகநாதனின் காதும்

ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் சீவும் மெஷினோடு பல வருஷம் நின்றதில் லோகநாதனுக்குக் காது மந்தமாகிவிட்டது. அதை யாரிடமும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. எதிரில் இருப்பவரின் வாய் அசைந்து நின்றதும் "சரி சரி" என்று தலையாட்டிவிடுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது ஆகஸ்டில் வீட்டில் என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை. மனைவி அம்சவேணி சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் மகள் பூரணி முகம் கொடுத்துப் பேசவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று கேட்கவும் பயம். பதில் காதில் விழ வேண்டுமே.

மனசு சரியில்லாமல் ரேடியோ ரிப்பேர் கடை நயீம் அகமதுவிடம் போய் உட்கார்ந்தார். நயீம் எப்போதும் உரக்கப் பேசுகிறவர்.

"அமெரிக்காக்காரன் அனுப்பின வாயேஜர் விண்கலம் நெப்டியூன் கிரகத்துகிட்ட போய்ட்டுதாம், லோகு. ரேடியோவுலயே போட்டோ அனுப்புது."

"அவ்ளோ தூரத்துலேருந்தா? எவ்ளோ கத்தணும் பாய்?"

"அது எங்க கத்துது? ஃபிரிட்ஜ் பல்பு அளவு கரண்டுதான் அதுக்கு. இங்க வர்றதுக்குள்ள தேய்ஞ்சு போயிடும். இங்க இருக்கறவங்கதான் பெரிய பெரிய ஏரியலா சேத்து வெச்சு, கருவியைக் குளிர வெச்சு இரைச்சலக் கம்மி பண்ணிக் கேக்குறாங்க. அதையும் நிதானமா பேச வெச்சிருக்காங்க."

லோகநாதனுக்குக் குழப்பம் இன்னும் ஜாஸ்தியானது. எங்கேயோ கிடக்கிற ஒன்றின் முனகல் கேட்கிறதாம். அடுப்படியிலிருந்து வருகிற பேச்சு ஏன் கேட்கவில்லை?

வீட்டுக்கு வந்தவர் ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்திவிட்டு அம்சவேணிக்கு எதிரில் நெருங்கி உட்கார்ந்தார்.

"எனக்குக் காது கேக்கல, வேணி. நீ சொன்னது எதுவும் விழல. நிதானமா சொல்லு."

அவள் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"குடியாத்தத்துலேருந்து உங்க அக்கா வந்து பூரணியத் தன் புள்ளைக்குக் கேட்டாங்க. தலையாட்டினீங்க. பொண்ணு வேணாம்னு அழுதா. அதுக்கும் தலையாட்டினீங்க."

அன்றைக்கு அக்கா ஏதோ கோயில் திருவிழாவைப் பற்றிப் பேசுகிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்.

மறுநாளே குடியாத்தம் பஸ் ஏறினார். பெண்ணுக்கு இஷ்டமில்லை என்றார். அக்கா திட்டியதில் பாதிதான் காதில் விழுந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அந்தத் தீபாவளிக்கு அக்கா வரவில்லை.

அன்று காலை பூரணி டீ கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னவோ சொன்னாள். லோகநாதன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"புரியலம்மா. இன்னொரு வாட்டி சொல்லு."