வலது கைக்கு யார் போடுவது

மருதாணி போடுகிற பெண்களைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். இடது கை முழங்கைவரை சிவந்து கிடக்கும். வலது கை துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருக்கும். புதுக் கோன் கசிகிறதா, கோடு மெல்லிசாக வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் சொந்த இடது கையில்தான். ஊரிலுள்ள கல்யாணப் பெண்களுக்கெல்லாம் போட்டுவிடுகிறவளுக்கு வலது கையில் போட்டுவிட ஆள் கிடையாது.

எனக்கு ஆள் இருந்தது. என் வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பஸ் டிரைவர். ஊர் ஊராகப் போய்ப் பெண்களை ஏற்றி வந்து மில்லில் விட்டு, ஷிப்ட் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. நாங்கள் திண்டுக்கல் நாகல்நகரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்ததும், கல்யாண வீட்டில் மிஞ்சிய கோன் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருவார். "கையக் கொண்டா" என்பார். என் வலது புறங்கையில் ஒரு வட்டம், உள்ளே மூன்று கோடு. ஸ்டியரிங்.

"இத்தன வருசமா இது ஒண்ணுதான் வருமா உங்களுக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச வட்டம் இது ஒண்ணுதான். செத்த நேரம் கைய ஆட்டாம இரு."

வட்டம் என்று அவர்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் அமுங்கிப்போன பூரி அது. கோடு போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், ஏதோ வெடி வைக்கிற ஆள் மாதிரி. மூன்றாவது கோட்டுக்கு வருவதற்குள் மூச்சு முட்டிவிடும். அது விளிம்பைத் தொடாமல் பாதியில் நின்றுபோகும். ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நான் போகிற வீட்டிலெல்லாம் பெண்கள் கேட்பார்கள், "அக்கா, இது என்ன டிசைன்?" கூசாமல் "ராஜஸ்தான்" என்பேன். ஒரு கல்யாணப் பெண் தனக்கும் அந்த ராஜஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். என் பாணியில் அழகாகப் போட்டுவிட்டேன். மணமேடையில் ஒருத்தி ஸ்டியரிங்கோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று வீட்டில் வந்து சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில், கீழ்வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று மாடியேறி வந்துவிட்டார்கள்.

ஒரு நாள் எரியோடு ஊரில் கடைசிப் பெண்ணை இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை.

அந்த வாரம் போட்ட வட்டம் கையில் பளிச்சென்று இருந்தது. துக்கத்துக்கு வந்த பெண்கள் என் முகத்தைவிட அதைத்தான் அதிகம் பார்த்தார்கள். பெரியம்மா ஒருத்தி, "சேலையால மூடிக்க ஆத்தா" என்றாள். மூடிக்கொண்டேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு சேலையை விலக்கிப் பார்த்தேன். துருக்கறை மாதிரி ஒரு ஓரம் மட்டும் மிச்சமிருந்தது. பாத்திரம் கழுவக் கழுவ அதுவும் போனது. என் போனில் எத்தனையோ கைகளின் படம் இருக்கிறது, வாடிக்கைக்காரர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்தவை. என் வலது கை அதில் ஒன்றில்கூட இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எப்படியும் வரப்போகிற ஒன்றை யார் படம் எடுத்து வைப்பார்கள்?

வேலைக்குத் திரும்பலாம் என்று நினைத்தபோது, ஏற்கெனவே என்னைச் சொல்லி வைத்திருந்த வீட்டிலிருந்து பெண்ணின் அம்மா போன் செய்தார். "நீங்க இந்த நேரத்துல எதுக்கும்மா சிரமப்பட்டுக்கிட்டு. வேற பிள்ளயச் சொல்லிட்டோம்." குரலில் அத்தனை கரிசனம். வருஷம் திரும்பிய பிறகும் எல்லா வீட்டிலும் அதே கரிசனம்தான். புருஷனைப் பறிகொடுத்தவள் கல்யாணப் பெண்ணின் கையைத் தொடக் கூடாது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன், எனக்கு வாய் நீளம். கரிசனத்தோடு எப்படிச் சண்டை போடுவது? போன் சத்தமில்லாமல் கிடந்தது. பகலில் தூங்கக் கற்றுக்கொண்டேன்.

பேகம்பூரில் தையல் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அக்கா என் கைவேலையைக் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறார். அவர்தான் கூப்பிட்டார். "எங்கள்ல இப்படியெல்லாம் பாக்குறதில்லம்மா. ஆனா மருதாணி போட எங்க பக்கம் வீட்டுக்கு நாலு பிள்ளைக இருக்கு. நீ வந்து ஆரி பழகு" என்றார். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் அடியிலிருந்து நூலை மேலே எடுத்துப் பூவும் கொடியும் தைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் பொத்தலாகிப் பழகினேன். என் கை பட்டால் ஆகாது என்ற அதே வீட்டுப் பெண்கள், நான் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தார்கள். கையைத் தொட்டால்தான் தோஷம், முதுகைத் தொட்டால் இல்லை போலிருக்கிறது.

சாயங்காலங்களில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் கேக்கில் பேர் எழுதப் போனேன். அதே கோன், உள்ளே மருதாணிக்குப் பதில் க்ரீம். முதல் நாள் அதைக் கையில் வாங்கியதும் விரல்கள் தாமாக மடங்கி அதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "மிக்சர் போடுற பக்கம் நிக்காதீங்கம்மா, காரம் கண்ண எரிக்கும்" என்றார் பேக்கரிக்காரர். சரியென்று தள்ளி நின்றுகொண்டேன்.

அங்கேதான் முதலில் முயன்றேன். ஒரு குழந்தைக்குப் பஸ் மாதிரி கேக் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். ஸ்டியரிங்கை அவர் போட்ட மாதிரியே போட நினைத்தேன். அச்சில் வார்த்த மாதிரி உருண்டையாக வந்தது. ஆரிக் கடையில் மிச்சத் துணியில் தைத்துப் பார்த்தேன், ஜரிகையில் ஜொலித்ததே ஒழிய அவர் வட்டம் வரவில்லை. தாளில் வேண்டுமென்றே கோணலாகப் போட்டால், வேண்டுமென்றே போட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. வருஷக்கணக்காக நல்ல கோடு போட்டுப் பழகிய கை தப்புப் போட மறுத்தது. எனக்கு வேறொன்றும் வேண்டாம், அந்த அமுங்கின வட்டத்தை இன்னொரு தடவை பார்த்தால் போதும். அவர் இல்லை என்பதுகூடச் சில நாள் மரத்துப்போயிருக்கும், அது எங்கேயுமே இல்லை என்பது மரத்துப்போகவில்லை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

சென்ற கோடையில் எரியோட்டுப் பக்கம் ஓர் அங்கன்வாடிச் சுவரில் படம் வரையக் கூப்பிட்டார்கள். முயலும் கிளியும் பயணம் போகிற பஸ், கரடி டிரைவர். பெயிண்டும் பிரஷுமாக ஸ்டூல்மேல் நின்று கரடிக்கு ஸ்டியரிங் வரைந்தேன். இங்கேயும் அது லட்சணமாக வந்தது. எரிச்சலில், தள்ளி நின்று பார்ப்பதற்காக ஓரடி பின்னால் வைத்தேன், ஸ்டூலில் நிற்கிற நினைப்பே இல்லாமல். விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது.

கை மாவுக்கட்டில் இருந்த நாட்கள்தான் என் தனிமையை எனக்கு முழுசாகக் காட்டின. துக்கத்தில்கூட நாலு பேர் வந்தார்கள். இப்போது ஒரு ஜடை பின்ன ஆளில்லை. பல்லால் ரப்பர் பேண்டை இழுத்து முடியைக் கட்டிக்கொண்டேன். இடது கையால் சாப்பிட்டேன், சோறு பாதி தட்டில் பாதி தரையில். தூக்க முடியாத தண்ணீர்க் குடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். கை போனால் அப்புறம் நான் யார் என்று பயமாக இருந்தது. தையல் கடை அக்கா ஒரு தூக்கில் குழம்பு கொடுத்துவிட்டார். கூடவே ஒரு பழைய துணியும் ஊசியும். "இடது கையாலயாச்சும் குத்திக்கிட்டு இரு, சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். குத்தினேன். பிள்ளைகள் கிறுக்கியது போல் இருந்தது. ஆனாலும் தினமும் குத்தினேன்.

கட்டைப் பிரித்த அன்று வலது கை வெளுத்துச் சுருங்கி, யாருடையதோ மாதிரி மடியில் கிடந்தது. அதற்கு எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. வரும் வழியில் மளிகைக் கடையில் ஒரு மருதாணிக் கோன் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக ஜன்னலைச் சாத்தினேன். ஊருக்குப் பயப்படாதவள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத் தெரிந்தது லட்சணம்.

குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு உட்கார்ந்து, இடது கையில் கோனைப் பிடித்து வலது புறங்கையில் வைத்தேன். அது சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இழுத்தால் ஒரு பக்கம் போனது, விட்டால் இன்னொரு பக்கம் அமுங்கியது. நடுங்காமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு கோடு, இரண்டு கோடு. மூன்றாவது கோட்டில் மூச்சு முட்டி, கோன் தானாகத் தூக்கிக்கொண்டது. குனிந்து பார்த்தேன்.

அது அவருடையது. அமுங்கின பூரி, விளிம்புக்கு வராத கோடு, எல்லாம் இருந்தது. சத்தம் போட்டு அழுதேன், சிரிக்கவும் செய்தேன். பிறகு அவர் சொல்கிறபடி செத்த நேரம் கையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் குக்கர் விசில் மேல் விசிலாகக் கத்தியது, எழுந்திருக்கவில்லை. பருப்பு தீய்ந்துபோனது.

மறுநாள் அந்தக் கையை மூடாமல்தான் கடைக்குப் போனேன். கல்யாணப் பெண் ஒருத்தி ரவிக்கை அளவு பார்க்க அம்மாவோடு வந்திருந்தாள். நான் நூல் கோத்துக்கொண்டிருந்த கையையே பார்த்தாள்.

"அக்கா, இது என்ன டிசைன்?"

ராஜஸ்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஸ்டியரிங்" என்றேன்.

"யாரு போட்டுவிட்டா?"

"எங்க வீட்டுக்காரர்."

அவள் அம்மாவின் கண் என் கால் விரலுக்குப் போனது. அங்கே மெட்டி இல்லை. "வாடி, மணியாச்சு" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகட்டும் என்று இருந்தது எனக்கு. கோபம்கூட வரவில்லை.

அக்கா மிஷினை நிறுத்தியிருந்தார். பக்கத்தில் வந்து என் கையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு கோடு மட்டும் ஓரத்தத் தொடலியேம்மா."

"தொடாதுக்கா. அவருக்கு அம்புட்டு தூரம் மூச்சு பத்தாது."