தவக்காலத்தில் ஒரு கரண்டி கொழுப்பு

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் அடுப்படியில் முதலில் தீர்ந்துபோனது அரிசி இல்லை, எண்ணெய். அரிசி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. தேங்காயெண்ணெயோ திடீரென்று கடையிலிருந்தே காணாமல் போயிற்று. சிம்பாங் ரெங்கம் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்தில் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, ஆக மூன்று பேர். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

தினமும் மரவள்ளிக்கிழங்குதான். வேகவைத்து மசித்து, காய்ந்த மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் அது சாப்பாடு. தாளிக்காவிட்டால் தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் கையில் கிடைத்த கொழுப்பையெல்லாம் உருக்கினேன். கோழிக் கொழுப்பு சட்டென்று இளகி மஞ்சளாக ஓடும், ஆனால் ஒரு கோழியில் இரண்டு கரண்டி தேறினால் அதிகம். ஆட்டுக் கொழுப்பில் செய்ததைச் சூட்டோடு விழுங்க வேண்டும், ஆறினால் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். என் வீட்டுக்காரர் ஒருமுறை காட்டுப்பன்றிக் கொழுப்பு கொண்டுவந்தார். எவ்வளவு இஞ்சி தட்டிப் போட்டும் அதன் வாடை போகவில்லை.

எல்லாவற்றிலும் நல்லது வீட்டுப்பன்றிக் கொழுப்புதான். லயத்துக்குப் பின்னால் காய்கறி போட்டு, பன்றியும் வளர்த்த சீனப் பெண்மணிக்கு நான் துணி தைத்துக் கொடுப்பேன், அவர் கொழுப்பு கொடுப்பார். உருக்கி வைத்தால் வெள்ளைவெளேரென்று உறையும். அதில் வறுத்த கிழங்கைத் தின்னும் நேரத்துக்குச் சண்டை நடப்பதே மறந்துவிடும். அத்தைக்கும் அது ரொம்பப் பிடிக்கும், தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வரைக்கும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலத்தின் நாற்பது நாளும் அத்தை மாமிசம் தொடமாட்டார். சண்டை தொடங்கியதிலிருந்து சாமியார் கோயிலுக்கு வருவதில்லை. கேட்க ஆளில்லாததால் அத்தையே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்.

"பன்னிக் கொழுப்பும் பன்னிதானே?" என்றார்.

நானும் என் வீட்டுக்காரரும் வெள்ளிக்கிழமை மட்டும் விட்டோம். அத்தைக்குத் தினமும் வெறும் கிழங்கும் உப்பும்தான்.

மூன்றாவது வாரம் அவருடைய கால் வீங்க ஆரம்பித்தது. எழுந்து நிற்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு மத்தியானம் அவருடைய பங்கை மசிக்கும்போது ஒரு கரண்டி கொழுப்பைக் கலந்து, வாசனை தெரியாமலிருக்க மிளகைத் தட்டிப் போட்டேன். முதல் வாயிலேயே நிறுத்திவிட்டார்.

"என்ன போட்ட?"

"மிளகு, அத்தை."

"வேற?"

என் கண் கொழுப்புச் சட்டிக்குப் போயிற்று. அவர் வெளியே போய்க் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"இந்தக் காலத்துல எங்கிட்ட என்ன இருக்கு? சாமிக்குக் குடுக்க இது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் கெடுத்துட்ட."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தன் கிழங்கைத் தானே வேகவைத்துக்கொண்டார். அந்தக் காலோடு அவர் அடுப்பு முன்னால் குந்தியிருப்பதைப் பார்த்தபோது, அவர் உடம்பைப் பற்றி நினைத்த நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று உறைத்தது. ஈஸ்டருக்குப் பிறகு தவிடும் கீரையுமாகக் கொடுத்ததில் வீக்கம் மெல்ல வடிந்தது. என்னோடு பழையபடி பேசவும் ஆரம்பித்தார்.

சண்டை முடிந்து சாமியார் திரும்பி வந்ததும் பாவசங்கீர்த்தனத்தில் முதலில் இதைத்தான் சொன்னேன். அவர் வெள்ளைக்காரர், புத்தகத் தமிழ் பேசுவார்.

"மகளே, மாமிசம்தான் விலக்கு. மிருகக் கொழுப்பில் சமைப்பதைத் திருச்சபை முன்பே அனுமதித்திருக்கிறது. நீ செய்த பிழை ஏமாற்றியதுதான். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? ஆனால் மறைத்தால் இரண்டாவது தடவையும் ஏமாற்றியதாகிவிடும்.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவரிடம் சொன்னேன். கை நின்றது. "அலமாக்!" என்று அதிர்ந்துபோனார்.

"வருத்தமா இருக்கா அத்தை?"

"சாமி கேட்டா வாங்கினாரு? நானாத்தானே குடுத்தேன்." மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார். "ஆனா இனிமே வெள்ளிக்கெழமையும் போடலாம்லா."

அந்த வெள்ளிக்கிழமை போட்டேன். கடைக்குத் தேங்காயெண்ணெய் திரும்ப வந்திருந்தும் கொழுப்பில்தான் வறுக்கச் சொன்னார். அவர் சாப்பிடுகிற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்றார்.